முந்திரித் தோப்பில் ஒரு மரக் கொட்டகை

பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் சாமான் வைக்க ஒரு கொட்டகை தேவைப்பட்டது. மண்வெட்டி, கடப்பாரை, கைத்தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், பருவத்தில் கொட்டை நிரப்பிய சாக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடம். எங்கள் ஊரில் இதற்கு வழக்கமான வழி நான்கு சவுக்குக் கழியை நட்டு மேலே கீற்றோ தார்ப்பாயோ போடுவது. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். இரண்டு மழைக்காலம் தாங்கும், அப்புறம் மறுபடி நட வேண்டும்.

அப்படி விழுந்த கொட்டகைகளைப் போய்ப் பார்த்தால் கழியின் நடுவில் ஒன்றும் ஆகியிருக்காது. மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த நுனியும் ஓரளவு நன்றாகவே இருக்கும். இற்றுப்போவது தரைமட்டத்தை ஒட்டிய அரை அடிதான். மரத்தைச் சிதைக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் நிற்பதில்லை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தில். கரையானும் அங்கேதான் ஏறுகிறது. ஆகவே மரக் கொட்டகை கட்டுவதென்று முடிவெடுத்ததும் முதலில் தீர்மானித்தது, ஒரு துண்டு மரம்கூட மண்ணைத் தொடக்கூடாது என்பது.

இரண்டாவது தீர்மானம் காற்றுக்காக. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. இந்தப் பகுதியில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. கொட்டகைக் கூரைகள் பக்கத்து நிலங்களில் கிடந்தன. கூரை நொறுங்கி விழவில்லை, முழுசாகக் கழன்று பறந்திருந்தது. மேலே எவ்வளவு கனம் ஏற்றுகிறோம் என்பதைவிடக் கூரையைத் தரையோடு எப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பதுதான் இந்த மாவட்டத்தில் கேள்வி. என் நேரத்திலும் செலவிலும் பெரும்பகுதியைக் காலுக்கும் கூரைக்கும் கொடுத்தேன். சுவரும் கதவும் அதற்கு அப்புறம்தான்.

மரம் எங்களுடையதே. 2024 கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் மண் இளகி ஒரு பழைய பலா வேரோடு சாய்ந்துவிட்டது. பண்ருட்டிப் பலா என்றால் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். அதைக் கொட்டகைக்கு அறுப்பதா என்று மனம் கேட்டது. அடிமரத்தில் கணு இல்லாத நேரான பகுதியைக் கேட்டு வந்தவருக்குக் கொடுத்துவிட்டு, மேற்பகுதியையும் தடித்த கிளைகளையும் மட்டும் அறுவை மில்லுக்கு ஏற்றினேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் திருப்திதான்.

மில்லில் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. உருண்டை மரத்தின் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடிச் சுற்றளவு, 8 அடி நீளம் என்றால் 8 கன அடி. உண்மையான கன அளவு 10 கன அடிக்குச் சற்று மேலே வரும். வித்தியாசம் பட்டைக்கும் அறுவைச் சேதத்துக்கும் விடும் கழிவு. அறுத்த சட்டத்துக்கு அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். என் கொட்டகையின் தூண், உத்திரம், அதன்மேல் சரிவாக வரும் கைமரம், தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து 10 கன அடிக்குப் பக்கம் வந்தது. அதற்கு உருண்டையில் ஒன்றரை மடங்காவது கையில் இருக்க வேண்டும்.

அறுத்ததும் பலா பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு நாளடைவில் பழுப்பாகும். உள்ளே வைரம் பாய்ந்த கெட்டிப் பகுதியைக் கரையான் சுலபத்தில் தொடாது. வெளி வெள்ளைப் பகுதியை உளுவும் கரையானும் விடாது. தூணுக்கு எடுத்த மரத்தில் வெள்ளையை முழுவதும் கழித்துவிடச் சொன்னேன். மில்காரருக்கு அது வீண் என்று பட்டது. “ஒரு பக்கம் கொஞ்சம் வெள்ளை இருந்தா என்ன தம்பி, உள்ளதானே வைக்கப் போறீங்க?” என்றார். “அண்ணே, உள்ள வைக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியாம போகும்” என்றேன். சிரித்துக்கொண்டே கழித்துக் கொடுத்தார்.

சட்டங்களை நிழலில், தரையிலிருந்து செங்கல் வைத்து உயர்த்தி, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை நேர்க்கோட்டில் வைத்து அடுக்கினேன். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக வராவிட்டால் சட்டம் அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். வெட்டுமுகங்களில் பழைய பெயின்ட் பூசினேன். மரம் பக்கவாட்டை விட வெட்டுமுகத்தின் வழியாகத்தான் வேகமாக ஈரத்தை விடும். முனை மட்டும் முந்திக் காய்ந்தால் அங்கே வெடிப்பு விழும். அறுத்த மரம் கோடை முழுக்கக் காய்ந்தது. 4 அங்குலத் தூண் அதற்குள் முழுசாகக் காயாது. ஓர் அங்குலப் பலகைக்கே சில மாதங்கள் வேண்டும். தூணில் மிச்ச ஈரம் இருக்கும் என்று தெரிந்துதான் மூட்டுகளை ஆணியில் விடாமல் போல்ட்டில் போட்டேன். மரம் சுருங்கச் சுருங்க நட்டை முடுக்கிக்கொள்ளலாம்.

அளவு 8 அடிக்கு 6 அடி. இந்த அளவை எடுக்க ஒரு வசதி உண்டு. 8, 6 பக்கங்கள் உள்ள செவ்வகத்தில் மூலைவிட்டம் சரியாக 10 அடி. கயிறு கட்டி இரண்டு மூலைவிட்டமும் 10 அடி வந்துவிட்டால் நாலு மூலையும் செங்கோணம். கொத்தனார் மூலைமட்டத்தை விட இது துல்லியம், ஏனென்றால் சின்ன மட்டத்தில் தெரியாத கோணல் 10 அடியில் தெரிந்துவிடும். அளவு தூணின் மையத்திலிருந்து மையத்துக்கு. நீளவாக்கில் 4 அடிக்கு ஒன்றாக முன்பக்கம் மூன்று தூண், பின்பக்கம் மூன்று தூண். முகப்பைத் தெற்கே வைத்தேன், வடகிழக்குப் பருவமழைச் சாரல் முதுகில் விழட்டும் என்று.

ஒவ்வொரு தூணுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி. எங்கள் செம்மண்ணில் மேல் ஓர் அடி மெத்தென்று வரும், அதற்குக் கீழே கடப்பாரை இல்லாமல் நடக்காது. அடியைத் திமிசு போட்டு இறுக்கி, சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் குழி முழுக்கக் கான்கிரீட். அதன்மேல் 9 அங்குலச் சதுரத்தில் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குச் சின்னப் பீடம். மொத்தம் 30 கன அடி கான்கிரீட், 6 மூட்டை சிமெண்ட் பிடித்தது. இவ்வளவு சின்னக் கொட்டகைக்கு இவ்வளவா என்று மச்சான் கேட்டார். கணக்கைக் கூரைக்கு வரும்போது சொல்கிறேன்.

பீடத்தின் தலையில் தூணைப் பிடிக்க வெல்டிங் பட்டறையில் இரும்புப் பிடிகள் செய்து வாங்கினேன். 50 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையை மூன்று பக்கப் பெட்டி போல மடக்கி, அடியில் இரண்டு 12 மில்லிமீட்டர் கம்பிகளை வெல்டு வைத்தது. கம்பியின் நுனி கொக்கியாக வளைந்து கான்கிரீட்டுக்குள் ஓர் அடி இறங்கி நிற்கும். பட்டையின் அடிப்பாகம் கான்கிரீட்டிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி நிற்க வேண்டும். இந்த ஓர் அங்குல இடைவெளிதான் முழுக் கொட்டகையிலும் முக்கியமான அளவு என்பேன். தூணின் அடிமுகம் ஈரமான கான்கிரீட்டில் உட்காராது, வழிந்த தண்ணீர் தேங்காது, கரையான் ஏற முயன்றால் அதன் மண்பாதை வெட்டவெளியில் கண்ணுக்குத் தெரியும். கரையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்குழாய் கட்டித்தான் ஏறும். அது நமக்குச் சாதகம். அந்த இடத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டால் போதும்.

ஆறு பிடிகளின் மட்டத்தைத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் பார்த்தேன். நிலம் கிழக்கே சரிவு. பீடத்தின் உயரம் அதற்கேற்ப இடத்துக்கு இடம் மாறியது, பிடியின் மட்டம் மாறவில்லை. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பிடிகளைக் கயிற்றுக்கு நேராக நிறுத்த ஒரு பலகைச் சட்டத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். கையால் பிடித்துக்கொண்டு நேராக நிறுத்த முடியாது. அப்புறம் ஒரு வாரம் ஈரச்சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றியது, பிடிகளுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மரத்துக்கு என்ன பூசுவது என்பதில் எங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை. முந்திரிக் கொட்டை உடைக்கும் இடங்களில் ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெய் கிடைக்கும். படகுக்கும் வீட்டு மரத்துக்கும் காலங்காலமாகப் பூசிவந்த எண்ணெய். கரும்பழுப்பாக, கெட்டியாக இருக்கும். தோலில் பட்டால் கொப்புளிக்கும். அந்த எரிச்சலைத் தரும் சாரம்தான் பூச்சியையும் அண்டவிடாமல் வைக்கிறது. கைமுட்டி வரை ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் இதைத் தொடக்கூடாது. குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது. கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, தூணின் அடிப்பாகம், தரைப்பலகைக்குக் கீழே வரும் சட்டங்கள், மூட்டு வாய்கள், துளைகள் என்று கை படாத இடங்களுக்கு மட்டும் பூசினேன். வெட்டுமுகம் குடித்துக்கொண்டே இருந்தது. குடிப்பதை நிறுத்தும்வரை விட்டேன். நாள்கணக்கில் பிசுபிசுக்கும், அவசரப்பட்டால் கையெல்லாம் கறையாகும்.

கை படும் இடங்களுக்கும் வெளிச் சுவருக்கும் லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பென்டைனும் கலந்து பூசினேன். இதில் ஒரு ஆபத்து பலருக்குத் தெரியாது. லின்சீட் எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வரும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கலாம். துணியை விரித்து வெளியில் காயப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மரத்தூள் கிடக்கும் கொட்டகையில் இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

தூண்கள் 4க்கு 4 அங்குலம். முன்பக்கம் 7 அடி, பின்பக்கம் 6 அடி. 6 அடி ஓட்டத்துக்கு ஓர் அடிச் சரிவு, தகரக் கூரைக்குத் தாராளம். ஓடு போடுவதானால் இந்தச் சரிவு போதாது, இன்னும் செங்குத்தாக வேண்டும். ஒவ்வொரு தூணையும் பிடிக்குள் நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து, 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு போட்டேன். தூணின் தலையில் ஒரு படி வெட்டி அதில் உத்திரத்தை உட்காரவைத்தேன். கனத்தைப் படி தாங்கும், போல்ட் விலகாமல் பிடிக்கும். உத்திரத்தை வெறுமனே தூணின் பக்கவாட்டில் வைத்துப் போல்ட்டை மட்டும் நம்பினால் மொத்தக் கூரையும் அந்த இரும்பில் தொங்கும், நாளாக ஆகத் துளை நீளும்.

உளிவேலையில் பலா இணக்கமான மரம். கொட்டாப்புளியால் தட்டினால் சீவல் சுத்தமாக வரும், மணமும் நன்றாக இருக்கும். பனை அப்படியில்லை. தரைப்பலகைகளைத் தாங்கக் குறுக்கே வைக்க, இடித்த பழைய ஓட்டு வீட்டின் பனங்கைகளை வாங்கியிருந்தேன். பல பத்தாண்டுகள் கூரையில் இருந்து கறுத்துப்போன வைரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இரும்புக்குப் போடும் ட்ரில் பிட்டால் துளைத்துத்தான் போல்ட் போட முடிந்தது. அதன் சிறாய் கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், உறை அவசியம்.

தூணும் உத்திரமும் ஏறியதும் கொட்டகை பார்க்கத் திடமாக இருக்கும். ஒரு மூலையில் தோள் கொடுத்துத் தள்ளினால் மொத்தமும் ஆடும். நாலு சட்டம் சேர்ந்த சதுரம் எவ்வளவு முடுக்கினாலும் சாய்சதுரமாகச் சரியத் தயாராகவே இருக்கும். மூன்று சட்டம் சேர்ந்த முக்கோணம் சரியாது. அதனால் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு திசைக்கும், தூணின் தலையிலிருந்து இரண்டடி கீழே தொடங்கி மேலே சாய்வாக ஒரு முட்டுச் சட்டம். பக்கச் சுவரில் இருப்பவை கைமரத்தில் போய் முட்டும், முன்பின் சுவரில் இருப்பவை உத்திரத்தில். 3க்கு 2 அங்குலம், இரு முனையிலும் போல்ட். எங்கள் பக்கக் கொட்டகைகளில் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், உள்ளே தலை இடிக்கும் என்று. மூலையில் யாரும் நடப்பதில்லை. எட்டையும் போட்டு முடித்துவிட்டுத் தள்ளிப் பார்த்தபோது தூண் நகரவில்லை, என் கால்தான் மண்ணில் வழுக்கியது.

இப்போது கூரைக் கணக்கு. கட்டடப் பொறியாளர்கள் காற்றின் அழுத்தத்தைப் பார்க்க ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறார்கள். வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று வரும். 140 கிலோமீட்டர் வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்கு 900 நியூட்டனுக்குச் சற்று மேல், அதாவது 90 கிலோ எடைக்குச் சமம். என் கூரை 7.3 சதுர மீட்டர். மேலே உறிஞ்சும் விசை முழு அழுத்தமாகவே விழுந்தால் 650 கிலோவுக்கு மேல். முன்பக்கம் திறந்திருந்து காற்று உள்ளே புகுந்தும் தள்ளினால் அதற்கும் மேல் போகும். தகரமும் மரமும் சேர்ந்து அந்த எடை வராது. ஆறு குழியிலும் இருக்கும் கான்கிரீட்டின் எடை 1,800 கிலோ. மச்சானுக்குச் சொன்ன பதில் இதுதான்.

ஆனால் கான்கிரீட்டின் எடை கூரைக்கு உதவ வேண்டுமானால் நடுவில் எந்த மூட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. தகரம் குறுக்குச் சட்டத்தோடும், குறுக்குச் சட்டம் கைமரத்தோடும், கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் தூணோடும், தூண் இரும்புப் பிடியோடும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மேலிருந்து அடித்த ஆணி இங்கே உதவாது. ஆணி இறங்கிய திசையிலேயே காற்று அதைப் பிடுங்கும். அதனால் கைமரம் உத்திரத்தில் உட்காரும் ஆறு இடத்திலும் 25 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையைக் கைமரத்தின் மேலே சுற்றி இரண்டு பக்கமும் இறக்கி, உத்திரத்தின் பக்கவாட்டில் போல்ட் போட்டேன். குறுக்குச் சட்டம் நான்கு, ஒவ்வொன்றும் கைமரத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு சின்ன எல் வடிவ இரும்பு, பக்கவாட்டுத் திருகாணியோடு.

கூரைக்கு 8 அடி நீள வண்ணத் தகரம் மூன்று. ஒன்றன்மேல் ஒன்று கவிந்தது போக அகலம் ஏறக்குறைய 9 அடி 10 அங்குலம் வந்தது. பக்கத்துக்கு முக்கால் அடிக்கு மேலும், முன்னும் பின்னும் ஓர் அடி அளவுக்கும் நீட்டம். திருகாணியைத் தகரத்தின் மேட்டில்தான் போட வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் போட்டால் ரப்பர் வாஷர் பழுதான அன்றே ஒழுகும். ஓரச் சட்டங்களில் ஒவ்வொரு மேட்டிலும், நடுச் சட்டங்களில் ஒன்று விட்டு ஒன்றாக. காற்று முதலில் ஓரத்தையும் மூலையையும்தான் பிடித்துக் கிளப்பும். தகரங்கள் கவியும் வாயை வடகிழக்குக்கு எதிர்ப்புறம் பார்த்து வைத்தேன்.

சுவருக்கு வேப்பம்பலகை, முக்கால் அங்குலம். மரவாடியில் காய்ந்ததாகப் பார்த்து வாங்கியது. பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி விட்டு, அதன்மேல் மெல்லிய பட்டை அடித்து மூடினேன். பலகை குறுக்குவாட்டில்தான் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். ஒவ்வொரு பலகையையும் நடுவில் மட்டும் திருகாணியால் பிடிக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் இறுக்கினால் பங்குனி வெயிலில் நடுவில் பிளந்துவிடும். மூடுபட்டையின் ஆணி இடைவெளிக்குள் இறங்க வேண்டும், இரண்டு பலகையையும் சேர்த்துத் தைக்கக்கூடாது. பலகையின் கீழ்முனையைச் சாய்வாக அறுத்தேன், தண்ணீர் வெளி விளிம்பிலேயே சொட்டிவிடும். சுவர் தரையிலிருந்து முக்கால் அடிக்கு மேலேயே நின்றுவிடுகிறது, மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிப்பது எட்டாது. கூரைக்குக் கீழே சுற்றிலும் 4 அங்குலம் திறந்துவிட்டுக் கம்பிவலை அடித்தேன். தகரத்தின் கீழே சூடு அப்படியே தங்கினால் மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. இந்தத் திறப்பு போதுமான வெளிச்சமும் தருகிறது.

கதவு 3 அடி அகலம், வெளிப்புறம் திறப்பது. பலகைக் கதவில் சாய்வுச் சட்டத்தின் திசை முக்கியம். கீல் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்குப் போக வேண்டும். அப்போதுதான் தொங்கும் பக்கத்தின் கனம் சட்டத்தின் வழியே இறங்கிக் கீழ்க் கீலில் போய் உட்காரும். எதிர்த்திசையில் வைத்தால் மூட்டுகள் இழுபட்டுக் கதவு தொங்கிவிடும், அப்புறம் தூக்கித் தூக்கித்தான் சாத்த வேண்டும்.

தரைப்பலகைக்குக் கீழே ஓர் அடி வெற்றிடம் இருக்கிறதே, பாம்பு தங்காதா என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் அந்த யோசனை இருந்தது. பாம்பு தேடுவது எலியையும், இருட்டான, அசைக்கப்படாத மூலையையும். அந்த வெற்றிடத்தை நாலு பக்கமும் அடைக்காமல் விட்டேன். எதிர்ப்புற வெளிச்சம் குனிந்தால் தெரியும், நாய் உள்ளே புகுந்து வரும். கட்டை, சாக்கு, பழைய குழாய் எதையும் அதற்குள் தள்ள வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை. தரைப்பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியே போட்டேன், சிந்தும் முந்திரிக்கொட்டை கீழே விழுந்து எலியைக் கூப்பிடாமல் இருக்க. சாக்குகள் தரையில் இல்லை, பின்சுவரில் இரண்டடி உயரப் பரணில். நீளமான தொரட்டிக் கழிகள் உள்ளே நுழையாது. அவற்றுக்குப் பின்பக்க நீட்டத்தின் கீழே வெளிச்சுவரில் மூன்று இரும்புக் கொக்கி.

ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிட்டது. முதல் கனமழை நின்றதும் டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு திருகாணியின் கீழும், ஒவ்வொரு தூணின் அடியிலும் பார்த்தேன். பிடியின் கீழே ஓர் அங்குல இடைவெளியில் தண்ணீர் வடிந்து காய்ந்திருந்தது. தை மாதம் போல்ட்களை முடுக்கியபோது தூணிலிருந்தவை பெரும்பாலும் அரைச் சுற்று இறங்கின. பனங்கையில் இருந்தவை இம்மிகூட நகரவில்லை. அடுத்த கோடை முடிவில் தூணை இன்னொரு முறை முடுக்க வேண்டியிருக்கும்.

பின்பக்கத்தில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் குழாய் இன்னும் வைக்கவில்லை. பாதி வெட்டிய பிவிசி குழாயை ஓரச் சட்டத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிட்டால் போதும். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு இந்தக் கூரையிலிருந்து 73 லிட்டர் வரும். 200 லிட்டர் டிரம் மூன்று சென்டிமீட்டர் மழையில் வழியும். கன்று நட்ட இடத்துக்கு அங்கிருந்து பதினைந்து இருபது அடிதான்.